பிரிக்கப்படாத கட்டு

"நான் போட்ட கட்டை, நாள் வராம எவனும் பிரிச்சது கிடையாது. இனிமே பிரிக்கப்போறவனும் பொறந்து வரல."

இந்தப் பிரகடனம் எந்த மாநாட்டு மேடையிலும் வெளியிடப்பட்டதல்ல. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் அழுக்குத் துணி குவிக்கும் அறைக்கும் நடுவே, கதவில் 'மாவுக்கட்டு' என்று எழுதியிருக்கும் அறையில் வெளியானது. இடுப்பில் ரப்பர் ஏப்ரனும் முழங்கை வரை வெள்ளைப் பூச்சுமாக நின்றபடி வெளியிட்டவரை எல்லோரும் சிற்பி என்று கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டவர் கேலியாகத்தான் கூப்பிட்டார். இவர் அதைப் பட்டமாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கேலி செய்தவருக்கே மணிக்கட்டு உடைந்து இவரிடம் வரவேண்டியதாகிவிட்டது.

வேலையில் மனுஷன் சுத்தம். மாவுத்துணிச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழ் அடங்கும்வரை காத்திருந்து, பிழிந்து, ஒரு மடிப்பு விழாமல் சுற்றுவார். கடைசியில் ஈரக் கையால் தடவிவிட்டு, இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கட்டு முட்டை ஓடு மாதிரி பளபளக்கும். மற்றவர்கள் தோலுக்கும் மாவுக்கும் நடுவே பஞ்சைத் தாராளமாகச் சுற்றுவார்கள். சிற்பிக்கு அது பிடிக்காது. "அவ்வளவு பஞ்சு வைக்கிறவன் தலையணைக் கடை போடலாம்" என்பார். கட்டு என்றால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே ஒரு கையோ காலோ இருந்தது என்பது அவரைப் பொறுத்தவரை தவிர்க்க முடியாத ஒரு சிறு இடைஞ்சல்.

நாள் முடிந்து கழற்றிய கட்டுகளில் சிறந்தவற்றை அவர் குப்பையில் போடுவதில்லை. இரண்டு பாதிகளையும் சேர்த்து நூலால் கட்டி, ஜன்னலை ஒட்டிய சட்டத்தில் தொங்கவிடுவார். உள்ளே யாருமில்லாத கைகள், கால்கள், ஒரு முழங்கால், குழந்தை ஒன்றின் பாதம். புதிதாக வரும் நோயாளிகள் அதைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அது கலையின் முன் ஏற்படும் மரியாதை என்று சிற்பி எடுத்துக்கொண்டார்.

அந்தச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு முன்கைக் கட்டு மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. அவர் செய்ததிலேயே மிக அழகானது அதுதான். காற்றடித்தால் அது சுவரில் மோதும். டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். சிற்பி நடுவில் பஞ்சு வைத்துப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். காற்றே இல்லாத நாளிலும் அவருக்குக் கேட்டது. தூக்கி எறிந்திருக்கலாமே என்றால், எறியக் கையில் எடுக்க வேண்டும் அல்லவா.

அந்தக் கட்டுக்குள் முன்பு இருந்த கை அதே கட்டிடத்தில்தான் வேலை பார்த்தது.

அந்தக் கைக்காரி புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் பக்கம் தைத்துக்கொண்டிருந்தவள். முக்காலியிலிருந்து விழுந்து முன்கை உடைந்தது. அவசரத்தில் இருந்த அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் "முழுக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார், சிற்பி தன் திறமை முழுவதையும் காட்டிப் போட்டார். மறுநாள் அவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, தாங்க முடியலண்ணே. விரலை யாராவது லேசா நிமிர்த்தினாலே உயிர் போகுது."

சிற்பி அவள் நகத்தை அழுத்தினார். வெளுத்தது, விட்டதும் சிவந்தது. "ரத்தம் ராஜா மாதிரி ஓடுது. கட்டு செட்டாகுதும்மா. எலும்பு பேசும்போது கொஞ்சம் சத்தமாத்தான் பேசும். கையை உயரத் தூக்கி வச்சுக்க, போ."

அவள் போனாள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறவள். அதற்குப் பிறகு வரவில்லை. நாள் வந்தபோதுதான் வந்தாள். சிற்பி கட்டை இரண்டு பாதியாக, ஒரு சில்லுகூடப் பெயராமல் பிரித்தார். எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது. விரல்கள்தாம் உள்ளே மடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த டம்ளரை அவை பிறகு கீழே வைக்கவே இல்லை.

நிர்வாகம் மிகவும் இரக்கப்பட்டது. இரங்கி, அவளுக்கு லிஃப்ட் இயக்கும் வேலை கொடுத்தது. பொத்தான் அழுத்த ஒரு விரல் போதும் என்று அதற்கு விளக்கமும் சொன்னது. நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மடங்கிய கையின் முட்டியால் அவள் பொத்தானை அழுத்துவாள். டக்.

அன்றிலிருந்து சிற்பி படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். "இந்த வயசுலயும் என்ன சுறுசுறுப்பு" என்று வார்டு நர்ஸுகள் வியந்தார்கள். இதய நோய்ப் பிரிவில் அவரை உதாரணம் காட்டி ஒருவர் பேசியதாகக்கூடச் செய்தி. வீட்டுக்குப் போனாலும் விடுதலை இல்லை. குழாயின் வளைவு, சட்டை மாட்டும் கொக்கி, தூங்கும் மனைவியின் கட்டிலுக்கு வெளியே தொங்கும் கை எல்லாம் ஒரே மாதிரி மடங்கியிருந்தன. ஆனாலும் பிரகடனத்தை அவர் கைவிடவில்லை. கைவிடக் காரணமும் இல்லை. அவள் கட்டையும் யாரும் பாதியில் பிரிக்கவில்லையே. சாதனை அப்படியேதான் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது அவள் கை.

பிறகு புது எலும்பு டாக்டரம்மா வந்தார். வந்த வேகத்தில் மாவுக்கட்டு அறைக்காரர்களையும் வார்டுக்காரர்களையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். தலைப்பு, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்.

"டாக்டர், இது ரயில்ல போறவங்களுக்கு வர்ற வியாதியா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டவர் நம் சிற்பிதான். நல்ல சிரிப்பு கிடைத்தது.

டாக்டரம்மாவும் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க, அப்படியே வச்சுக்கங்க. கையில கால்ல தசையெல்லாம் தனித்தனிப் பெட்டியா இருக்கு. சுத்தி ஒரு உறை. அது ரப்பர் இல்ல, விரியாது. அடிபட்டு உள்ள வீங்குது. அழுத்தம் ஏறுது. முதல்ல ரத்தம் வெளிய போற சின்னக் குழாய்ங்க நசுங்குது. அதாவது ஏறுறவங்க ஏறிக்கிட்டே இருக்காங்க, இறங்குற கதவு மட்டும் பூட்டிக்கிச்சு. அப்புறம் உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும். சில மணி நேரத்துல தசை சாக ஆரம்பிச்சிடும். செத்த தசை திரும்ப வராது. அது சுருங்கி விரலை இழுத்துக்கும்."

பின்வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"எலும்பு முறிவுல வரும். கனமா ஏதாவது விழுந்து நசுங்கினா வரும். தீக்காயத்துல வரும். போதையில கையை அடியில போட்டுக்கிட்டு மணிக்கணக்காக் கிடக்கிறவனுக்கு வரும். இறுக்கமான கட்டாலயும் வரும்." கடைசிக் காரணத்தைச் சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. சிற்பிக்கு எல்லோரும் பார்த்தது போல இருந்தது. "அடிக்குத் தகுந்த வலியா இருக்காது, அதுக்கு மேல இருக்கும். ஊசி போட்டாலும் அடங்காது. விரலை நீங்க நிமிர்த்திப் பாத்தா துடிப்பாங்க. தொட்டா தசை மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்புறம் மரத்துப்போகும். நாடி இருக்கே, நகம் சிவக்குதேன்னு உட்காந்திராதீங்க. நாடி கடைசியா வீட்டைக் காலி பண்ற ஆள்."

அதுவரை பேர் இல்லாமல் அலைந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அன்று பேர் கிடைத்தது. பேர் கிடைத்த பிறகு அது இன்னும் உரிமையோடு வந்து போனது. சிற்பி அன்றிலிருந்து, யாரும் பார்க்காதபோது, பஞ்சை ஒரு சுற்று கூடவே வைத்தார். பிரகடனத்தை மட்டும் சற்று உரக்கச் சொன்னார்.

இப்படியிருக்கையில் சைரன் வந்து சேர்ந்தான்.

சைரன் என்பது சிற்பியின் மனைவியின் தம்பி. மரச்சாமான் கடையில் பாரம் தூக்குபவன். கதவை அடைக்கும் உடம்பு. ஆனால் நகம் வெட்டும்போது சதையில் பட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். மாமாவின் தொழிலைப் பற்றி அவனுக்கு என்றும் உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. "சுவருக்குப் பூசுறவன் வெயில்ல நிக்கிறான். எங்க மாமா ஆளுக்குப் பூசுறாரு, ஃபேன் காத்துல" என்று குடும்பம் கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அன்று காலை ஒரு இரும்பு பீரோ மாடிப்படியில் நழுவி அவன் கெண்டைக்கால் மேல் உட்கார்ந்தது. எலும்பு உடைந்து, தோல் கிழியாமல், கால் பருத்துப்போய் வந்தான்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் வீங்கும். இப்ப அரைக்கட்டு போதும், பின்பக்கம் மட்டும். வீக்கம் வடிஞ்சதும் முழுசாப் போடலாம். வார்டுல வச்சு அடிக்கடி பாக்கணும்" என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டு அறுவை அரங்குக்குப் போனார்.

கட்டு அறையில் படுக்க வைத்ததும் சைரன் தொடங்கினான். "மாமா, பாத்து. உயிர் போகுது."

"இன்னும் தொடவே இல்லடா."

"தொடப்போறீங்கல்ல." பிறகு வலியோடு வலியாகச் சட்டத்தைப் பார்த்தான். "எனக்கும் அந்த மாதிரி ஷோகேஸ் கட்டா, இல்ல சொந்தக்காரன்னு பூச்சு வேலையா?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் வண்டி தடம் மாறியது. இத்தனை வருஷக் கேலிக்கு ஒரே பதிலாக, காலம் உள்ளவரை அக்காளும் தம்பியும் பேசும்படி ஒரு கட்டு போட்டுக் காட்ட வேண்டும் என்று சிற்பிக்குத் தோன்றிவிட்டது. மச்சானுக்குப் போய் அரைக்கட்டா? கூட வைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு சுற்றுப் பஞ்சும் அன்று கழிந்தது. தொடையிலிருந்து பாதம் வரை முழுக்கட்டு, மடிப்பு இல்லை, பளபளப்பு. இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூன்றாம் மாடி வார்டுக்குத் தானே உடன் போய் (மச்சான் லிஃப்டில், அவர் படியில்), காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கி உயர்த்தி வைத்துவிட்டு இறங்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சைரன் ஒலிக்கத் தொடங்கியது. வார்டு முதலில் அனுதாபப்பட்டது, பிறகு சலித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "தம்பி, பிரசவ வார்டு கீழ இருக்குப்பா" என்றார். நர்ஸ் ஊசி போட்டார். சத்தம் குறையவில்லை. "உங்க மச்சான் நடிப்பு தாங்கல, வந்து பாருங்க" என்று சிற்பிக்குச் சொல்லி அனுப்பினார்.

சிற்பி ஏறி வந்தார். நகத்தை அழுத்தினார். வெளுத்தது, சிவந்தது.

"வலிக்குது மாமா. சத்தியமா இது வேற மாதிரி வலிக்குது."

"ரத்தம் ராஜா மாதிரி ஓடுது. கட்டு செட்டாகுது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை அவர் கேட்டார். வேறு யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தார். யாரும் இல்லை. நர்ஸ் இன்னொரு ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். சிற்பி படியிறங்கிக் கட்டு அறைக்குப் போய், செய்வதற்கு எதுவும் இல்லாமல் வாளியைக் கழுவினார். கழுவிய வாளியை மறுபடி கழுவினார். சட்டத்தின் ஓரத்தில் டக் என்றது.

பார்வையாளர் நேரத்தில் மனைவி ஃபிளாஸ்க்கோடு வந்து, தம்பியைப் பார்த்துவிட்டு நேராகக் கீழே வந்தாள்.

"என்னங்க, அவன் கத்தல."

"நல்லதுதானே. ஊசி வேலை செய்யுது."

"அவன் அம்மை ஊசிக்கே ஊரைக் கூட்டினவன். இப்ப சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடக்கான். கூப்பிட்டா திரும்பல. நர்ஸம்மா அமைதியாயிட்டார்னு சந்தோஷப்படுறாங்க. எனக்கு அது என் தம்பி மாதிரியே தெரியல."

சிற்பி ஈரக் கையோடு படியேறினார். வார்டு நிம்மதியாக இருந்தது. பெரியவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டிருந்தார்.

"டேய்."

"மாமா." உதடு மட்டும் அசைந்தது. "கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல மரத்துப்போச்சு. கால் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

சிற்பி நகத்தைத் தொடவில்லை. வகுப்பில் கேட்டும் பல காலமாகச் செய்யாமல் தள்ளிப்போட்டதை அன்று செய்தார். கட்டைவிரலைப் பிடித்து, மெல்லக் கீழ்ப்பக்கமாக மடக்கினார். சைரனின் வாய் முழுவதும் திறந்தது. சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுக்குள் இறங்கியது.

நர்ஸ் மேசையிலிருந்த போனில் சிற்பியே பேசினார். "டாக்டர், காலையில வந்த கெண்டைக்கால். விரலை அசைச்சா துடிக்கிறான், மரத்தும் போச்சு." எதிர்முனை ஏதோ கேட்டது. "இல்ல டாக்டர், அரைக்கட்டு இல்ல. நீங்க எழுதினது அரைக்கட்டு. நான் முழுசாப் போட்டுட்டேன்."

அவர் மனைவி ஃபிளாஸ்க்கைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்தாள்.

"இப்பவே பிரிங்க" என்றது போன். "பஞ்சு உட்பட, தோல் வரைக்கும். தலையணை எல்லாத்தையும் எடுத்துடுங்க, கால் இதய மட்டத்துல இருக்கணும். உயர்த்தினா போற கொஞ்சம் ரத்தமும் போகாது. நான் வரேன்."

தலையணைகளை உருவிப் போட்டுவிட்டு, ரம்பம் எடுக்க அவர் தரைத்தளத்துக்கு ஓடினார். எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தபோது முழங்கால் முடியாது என்றது. இத்தனை வருஷ உடற்பயிற்சி அந்த ஒரு தருணத்தில் ராஜினாமா செய்தது. லிஃப்டின் கதவு திறந்திருந்தது.

உள்ளே போனார்.

"எந்த மாடி?"

"மூணு."

டக். கதவு மூடியது. அவள் ரம்பத்தைப் பார்த்தாள். "யாருக்கண்ணே?"

"மச்சானுக்கு."

"கத்துறாரா?"

"கத்திக்கிட்டிருந்தான். இப்ப கத்தல."

முதல் மாடியில் ஆட்கள் நிற்பது கதவின் கண்ணாடியில் தெரிந்தது. லிஃப்ட் நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள், அதற்கும் நிற்கவில்லை. அவள் முட்டி மூன்றாம் எண் மேலேயே இருந்தது.

"நானும் ஒரு கட்டத்துக்கு மேல கத்தலண்ணே" என்றாள். "வீட்ல எல்லாரும் வலி விட்டுடுச்சுன்னு நினைச்சாங்க."

சிற்பி ரம்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மிஷினைக் கெட்டியாப் பிடிங்க. வயர் தரையில இழுபடுது" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

கட்டு பிரிக்கும் ரம்பம் சுழலாது, அதிரும். மாவை அறுக்கும், தோலை அறுக்காது. நோயாளிகளின் பயம் போக, அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டி ஒரு சின்ன நாடகம் போடுவது சிற்பியின் வழக்கம். அன்று நாடகம் இல்லை. வெளிப்பக்கம் தொடையிலிருந்து பாதம் வரை ஒரு கோடு. உட்பக்கம் ஒரு கோடு. வெள்ளைத் தூள் அவர் புருவத்திலும் சைரனின் நெஞ்சிலும் படிந்தது. இடுக்கியை நுழைத்து விரித்தார். முட்டை ஓடு பட்டென்று பிளந்தது. கத்தரியால் பஞ்சை, அதற்கடியில் இருந்த உறைத்துணியை, தோல் தெரியும்வரை வெட்டினார்.

உள்ளே ஒரு கால் இருந்தது. பளபளவென்று, விறைத்து, மரக்கட்டை மாதிரி. சிற்பி தன் படைப்புக்குள் இருப்பதை முதல்முறையாகப் பார்ப்பவர் போல நின்றார்.

டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்தார். கட்டைத் திறந்தும் தசை இளகவில்லை. ஊசியைக் கெண்டைக்காலில் ஒவ்வொரு பெட்டியாகக் குத்தி, கருவியில் அழுத்தம் பார்த்தார். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் இதற்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை; புது ரத்தம் உள்ளே நுழைய வழியில்லை என்று அர்த்தம். "தியேட்டர்" என்றார். சைரனின் அக்காளிடம் மட்டும் விளக்கினார். "ரெண்டு பக்கமும் நீளமாக் கீறி, உள்ள இருக்கிற உறையைத் திறந்து விட்டுடுவோம். உடனே தைக்க மாட்டோம், தசை மூச்சு விடணும். பாக்கப் பயமா இருக்கும். திறக்கலன்னா கால் போயிடும்."

கட்டில் அரங்குக்குப் போன பிறகு அவள் புருஷனைப் பார்த்தாள். "அரைக்கட்டுன்னு எழுதியிருந்தாங்களா?"

"ஆமா."

அவள் ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினாள். ஊற்றி, தானே குடித்தாள்.

தசையில் பெரும்பகுதி சிவப்பாக இருந்தது, தொட்டதும் துடித்தது. முன்பக்கம் ஒரு கீற்று மட்டும் கறுத்திருந்ததை வெட்டி எடுத்தார்கள். காயம் திறந்தபடியே சில நாள் இருந்தது. வீக்கம் வடிந்ததும் ஒரு பக்கத்தைத் தைத்தார்கள். மறுபக்கத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். காயத்துக்குத் துணி மாற்றிய முதல் நாள் சைரன் போட்ட கூச்சல் தரைத்தளம் வரை கேட்டது. வார்டு தலையில் அடித்துக்கொண்டது. அவன் அக்காள் நடைவழியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிற்பி கட்டு அறையில் வாளியின் மேல் குனிந்தபடி, அது ஓயும்வரை நிமிரவே இல்லை.

இப்போது அவன் நடக்கிறான். கட்டைவிரல் மட்டும் மேலே வர மாட்டேன் என்கிறது. செருப்பு அடிக்கடி தட்டுகிறது. டக்.

நிர்வாகம் விளக்கம் கேட்டது. சிற்பி கொடுத்தார். அந்த வருஷத்துச் சம்பள உயர்வு வழி தவறி வேறெங்கோ போய்விட்டது. அவர் இப்போது லிஃப்டில்தான் போகிறார். தினமும் போகிறவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் தினமும் கேட்பாள், "எந்த மாடி?" அவரும் தினமும் சொல்வார். சட்டத்தில் இருந்த கட்டுகளை எல்லாம் அவர் குப்பைக்கு அனுப்பிவிட்டார். ஓரத்தில் இருப்பதை மட்டும் எடுக்கவில்லை. திருப்பி, முகம் தெரியும்படி மாட்டியிருக்கிறார். சத்தம் நின்றதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். முந்தின நாள் போட்ட கைக்கட்டு.

"கொஞ்சம் வலிக்குதுண்ணே. பெரிசா ஒண்ணுமில்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சிற்பி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். டீச்சர் லேசாக முகம் சுளித்தார். பெரிதாக ஒன்றுமில்லைதான். சிற்பி வெளிநோயாளி அறையிலிருந்த டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்து, ரம்பத்தை எடுத்துப் பிளக்கில் செருகினார்.

"ஐயோ, பிரிக்கிறீங்களா? உங்க கட்டை யாருமே பாதியில பிரிச்சதில்லைன்னு வெளிய சொன்னாங்களே."

"யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, சிற்பி ரம்பத்தை ஓடவிட்டார்.